சைக்கிள் செயினுக்கு எந்த ஒயில்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளின் மற்ற வேலைகளைக் கடையில் கொடுத்துச் செய்விப்பவர்கள்கூட, செயினுக்கு ஒயில் விடுவதை மட்டும் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். கையில் அகப்பட்டதை விட்டுச் சமாளிப்பது போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஊறிப்போன பழக்கம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய நாட்களில் செயினுக்கு எந்த ஒயில் பொருத்தம் என்று ஆராய்வதற்கு யாருக்கும் வசதி இருக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு, மூலையில் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தபோது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறேன். விடைகள் வன்னியின் கிரவல் வீதிகளையும் மாரி மழையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

1. செயினுக்கு ஏன் ஒயில் விட வேணும்? துருப்பிடிக்காமல் இருக்கத்தானே?

துருவைத் தடுப்பது இரண்டாவது பயன். முதற் பயன் செயினுக்கு உள்ளே இருக்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இரு தகடுகளை இணைக்கும் ஓர் ஆணியும், அந்த ஆணியைச் சூழ்ந்த ஒரு புஷ்ஷும், அதற்கு மேல் சுழலும் ஓர் உருளையும் உண்டு. 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருவாக்கிய இந்த அமைப்புத்தான் இன்றைக்கும் நம்முடைய சைக்கிள்களில் ஓடுகிறது. பல்லுச் சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடிந்து நிமிர்கிறது. அப்போது ஆணியும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. ஒயில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மிகச் சிறிய இடைவெளிதான்.

வெளித்தகட்டில் பளபளவென்று தெரியும் ஒயில் துருவைத் தடுக்குமே தவிர, தேய்மானத்தைத் தடுக்காது. அதிலும் அளவுக்கு மிஞ்சினால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விடயத்திலிருந்து பிறப்பவைதான்.

2. அப்ப எந்த ஒயில்தான் நல்லது? ஒண்டைச் சொல்லுங்கோ.

சைக்கிள் செயினுக்கென்றே செய்யப்பட்ட ஒயில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விடும் புதிய எஞ்சின் ஒயில் போதுமானது. போத்தலில் 10டபிள்யூ-30 என்றிருந்தால் அது மெல்லியது. ஆண்டு முழுவதற்கும் ஒன்றுதான் வேண்டும் என்பவர்களுக்கு அதைச் சொல்வேன். 20டபிள்யூ-50 தடிப்பானது, மாரிக்கு உகந்தது. கோடைக்குத் தையல் மெசின் ஒயிலும் நன்று. அது மிக மெல்லியது என்பதால் உள்ளே எளிதில் இறங்கும், ஆனால் அதே காரணத்தால் விரைவில் தீர்ந்தும் போகும்.

இதற்காக ஒரு லீற்றர் போத்தல் வாங்கத் தேவையில்லை. சேர்விஸ் செய்யும் இடத்தில் புது ஒயிலை ஊற்றியபின் வெறும் போத்தலைக் கேட்டு வாங்கி, ஓர் இரவு தலைகீழாகச் சாய்த்து வைத்தால் அடியில் வடிந்து சேர்வது ஒரு செயினுக்குக் காணும்.

3. அதே சேர்விஸ் கடையில மாத்தின பழைய ஒயில் சும்மா தருவினம். அதை விட்டா என்ன?

விட வேண்டாம். எஞ்சினிலிருந்து இறக்கும் ஒயில் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புகைக்கரியும், தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள்களும், எரியாத எரிபொருளும், அமிலங்களுமாகும். தேய்மானத்தைக் குறைக்கவென்று விடும் ஒயிலோடு தேய்க்கும் பொருளையும் சேர்த்து ஆணிக்குள் அனுப்புவதில் பயனில்லை. மேலும், பழைய எஞ்சின் ஒயில் தோலில் நெடுங்காலம் பட்டுவருவது தோற்புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்பதால், பிள்ளைகள் கையால் தொடும் சைக்கிளில் அது இருக்கவே கூடாது. அதே கடையில் புது ஒயிற் போத்தலின் அடி மிச்சமும் சும்மா கிடைக்கிறது என்பதை முந்திய விடையில் சொல்லியிருக்கிறேன்.

4. வீட்டில தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கு. அவசரத்துக்கு விடலாமோ?

காலையில் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் செயின் கீச்சிட்டால் நாலு துளி தேங்காய் எண்ணெய் விட்டு அனுப்பலாம்; அதில் தவறில்லை. அதையே வழக்கமாக்குவதுதான் சரியில்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாத அதிகாலைகளில் போத்தலில் உறைவது செயினுக்குள்ளும் உறையும். மழையிலும் அது நில்லாது.

நல்லெண்ணெய் இன்னொரு விதமானது. காற்றுப் பட்டு நாளடைவில் தடித்து, பிசின்போல் ஒட்டத் தொடங்கும். அதை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுப்பதே பெரும்பாடு. இரண்டும் இன்றைக்கு விற்கும் விலையில், கறிச்சட்டிக்கே அவை பொருத்தம்.

5. டபிள்யூடி-40 அடிச்சவுடன சத்தம் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு ஒயில் எதுக்கு?

1953இல் அமெரிக்காவில் அது நீரை அகற்றும் திரவமாகவே உருவாக்கப்பட்டது. பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியில் சரிவந்த கலவை என்பதைக் குறிப்பது. அதில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான், மிகுதி மெல்லிய எண்ணெய். அடித்தவுடன் சத்தம் நிற்கும், கரைப்பான் பறந்தபின் மிஞ்சும் படலம் மெல்லியதாகையால் சில நாட்களில் சத்தம் திரும்பிவரும். இதற்கிடையில் உள்ளே எஞ்சியிருந்த நல்ல ஒயிலையும் அது கரைத்து வெளியேற்றியிருக்கும்.

துருப்பிடித்து இறுகிய கண்ணியை இளக்குவதற்கும், மழையில் நனைந்த செயினிலிருந்து நீரைத் துரத்துவதற்கும் அது மிக நல்லது. அடித்துத் துடைத்தபின் 7ஆம் விடையில் உள்ளபடி ஒயில் விட வேண்டும்.

6. கிறீஸ் பூசினா அடிக்கடி ஒயில் விடத் தேவையில்லைத்தானே? புதுச் செயினிலயும் கிறீஸ்தானே வருது?

புதுச் செயினில் தொழிற்சாலையில் இடப்படும் பசை, இளகிய நிலையில் ஆணிவரை சென்று சேர்ந்தது. நாம் விரலால் பூசும் கிறீஸ் குளிர்ந்த, தடித்த நிலையில் தகட்டின் மேலேயே நின்றுவிடும். உள்ளே வறட்சி, வெளியே சேறு என்பதுதான் அதன் முடிவு. கிறீஸின் இடம் சில்லின் குடமும், பெடல் அச்சும், ஹான்டில் கழுத்தும் ஆகும்.

புதுச் செயின் பூட்டினால் அந்தப் பசையை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்துவிடாதீர்கள். வெளிப்புறத்தை மட்டும் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு ஓடலாம். முதல் ஒயில், சத்தம் கேட்கத் தொடங்கும்போதோ நல்ல மழையில் நனைந்த பிறகோ விட்டால் போதும்.

7. எவ்வளவு விட வேணும்? நான் செயின் நனையிற அளவுக்கு ஊத்துறனான்.

உருளை ஒன்றுக்கு ஒரு துளி. கியர் இல்லாத சைக்கிளின் செயினில் ஏறத்தாழ 100 முதல் 112 உருளைகள் இருக்கும். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால் முழுச் செயினுக்கும் ஆறு மில்லிலீற்றர்கூடத் தேவைப்படாது. ஊசி கழற்றிய ஐந்து மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்றில் ஒயிலை எடுத்தால் அளவும் தெரியும், துளியும் கட்டுப்படும். 100 மில்லிலீற்றர் ஒயில் பதினைந்து தடவைக்கு மேல் வரும்.

சைக்கிளை ஸ்ரான்டில் நிறுத்தி, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லொக் போட்ட கண்ணியைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தில், வளையத்தின் உள்முகத்தில், தகடுகள் உருளையைத் தொடும் விளிம்பில் துளியை வையுங்கள். பெடலைப் பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் அடுத்தடுத்த உருளைகள் வரும். லொக் திரும்பி வந்ததும் நிறுத்திவிட்டு, இருபது முப்பது தடவை வேகமாகப் பின்னோக்கிச் சுற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

மறுநாட் காலையில் செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. பழைய சாரத் துணி ஒன்றால் செயினைப் பொத்திப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே இருக்கும் ஒயில் முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். விரலால் தொட்டால் மெல்லிய ஈரம் மட்டும் தெரிய வேண்டும், விரலில் வழியக் கூடாது. ‘விட்டதைத் துடைக்கிறதெண்டா ஏன் விடுவான்?’ என்று கேட்பவர்கள் முதலாவது விடையை மறுபடி வாசிக்கவும். என்னைக் கேட்டால், எந்த ஒயில் என்பதைவிட இந்தத் துடைப்பே செயினின் ஆயுளைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது.

8. எத்தனை நாளைக்கு ஒருக்கா விட வேணும்?

நாளைக் கணக்கிடுவதைவிட ஓட்டத்தையும் வீதியையும் கணக்கிடுவது நல்லது. ஐந்து கிலோமீற்றர் தூரத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பிள்ளை வாரத்துக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிறது. ஏ9 போன்ற தார் வீதியிலென்றால் மாதத்துக்கு ஒரு தடவை போதும். மல்லாவி, துணுக்காய் உள்வீதிகள் போன்ற கிரவலில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து ஒயில் விட வேண்டிவரும். செயின் நன்கு நனைந்தால் கணக்கெல்லாம் இல்லை, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

9. கழுவாமல் மேலால விட்டாச் சரிவராதோ? கழுவுறதெண்டா மண்ணெண்ணெயோ பெற்றோலோ?

ஒவ்வொரு தடவையும் கழுவத் தேவையில்லை; துடைப்பது போதும். ஆனால் செயின் கறுத்துப் பசையாகியிருந்தால், அந்தக் கறுப்பு ஒயிலும் மணலும் உலோகத் துகளும் சேர்ந்த கலவை. அதன் மேல் புது ஒயில் விட்டால் வெளியில் இருந்த மணலை இளக்கி உள்ளே இறக்கியதாகவே முடியும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல். பெற்றோல் வேண்டாம், அதன் ஆவி தீப்பற்ற அடுப்பு அருகில் இருக்க வேண்டுமென்பதில்லை, ஒரு சிறு பொறி போதும். செயினைக் கழற்றி, பழைய பேணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கழுவிய மண்ணெண்ணெயை மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை அடுத்த தடவைக்கு எடுக்கலாம். அதைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது லொக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஏதாவது தட்டும்போது கிளிப் கழன்றுவிடும்.

10. கோடையில ஒரே புழுதி. ஒயில் விட்டாத்தானே புழுதி ஒட்டுது; விடாமலே ஓடினா என்ன?

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில், முன்னே ஒரு ரிப்பர் போனால் பின்னால் வரும் சைக்கிள் முழுவதும் சிவந்துவிடும் வீதிகளில், ஈரமான செயின் புழுதியை வாரிக்கொள்ளும். ஆனாலும் வறண்ட செயினில் ஆணியும் புஷ்ஷும் இரும்போடு இரும்பாக உராயும். ஆகவே உள்ளே ஈரமும் வெளியே வறட்சியும் வேண்டும்.

அதற்குக் கையில் இருப்பதைக் கொண்டே ஒரு வழி உண்டு. புதிய எஞ்சின் ஒயில் ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் மூன்று பங்கு கலந்து, 7ஆம் விடையில் சொன்ன முறைப்படி மாலையில் விடுங்கள். மண்ணெண்ணெய் ஒயிலைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மெல்ல மெல்ல ஆவியாகி, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுச் செல்லும். காலையில் வழமையைவிட அழுத்தித் துடையுங்கள். படலம் மெல்லியது என்பதால் இடைவெளியைக் குறைத்து, பத்து நாளைக்கு ஒரு தடவை விட வேண்டியிருக்கும்.

11. காலபோகத்தில வயலுக்குள்ளாலதான் போய்வாறது. ஒரு மழைக்கே செயின் சிவந்து போகுது, என்ன விட்டா நிக்கும்?

ஐப்பசி முதல் மார்கழி வரை 20டபிள்யூ-50 போன்ற தடிப்பான ஒயிலை விடுங்கள். 10ஆம் விடையிலுள்ள கலவை இந்தக் காலத்துக்கு ஆகாது. இன்னும் தடிப்பாக வேண்டுமென்று உழவு இயந்திரத்துக்கு விடும் 90ஆம் இலக்க கியர் ஒயிலை விடுபவர்களும் உண்டு. அது மழையில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் தானாக உள்ளே இறங்காது, மணமும் கடுமையானது, தை மாதம் வெயில் எறித்துப் புழுதி எழும்பத் தொடங்கியதும் செயினைக் கழுவியே தீர வேண்டும்.

எந்த ஒயிலானாலும் நீரில் ஓடிய செயினில் முழுதாகத் தங்காது. வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, துணியால் ஈரத்தைத் துடைத்து, சில துளிகள் விட்டு வைத்தால் காலையில் சிவப்பு இருக்காது. மேலோட்டமான சிவப்புத் துரு வந்தாலும் பதற வேண்டாம். ஒயில் துணியால் துடைக்கப் போய்விடும். கண்ணிகள் மடியாமல் விறைத்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

12. நாங்கள் முல்லைத்தீவுக் கரைப்பக்கம். உப்புக்காத்துக்கு எண்டு தனி ஒயில் இருக்கோ?

தனி ஒயில் தேவையில்லை, தனிக் கவனம் தேவை. நந்திக்கடலை ஊடறுக்கும் வட்டுவாகல் பாலத்தால் காற்று நாட்களில் போய்வருபவர்களின் சைக்கிளில் உப்பு நீர்த் திவலைகள் படியும். நீர் காய்ந்தாலும் உப்புப் போகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். உப்பின் மேல் ஒயில் விடுவது அதை மூடி வைப்பதுதான். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, பிறகு 20டபிள்யூ-50 விட்டு, வெளிப்புறத்தைச் சற்றே ஈரமாக விடுங்கள். துடைப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நான் சொல்வது கரையோரத்தவர்களுக்கு மட்டும்.

13. கனடாவில இருந்து மாமா ஒரு சின்னப் போத்தல் அனுப்பினவர். ‘ட்ரை’ எண்டு எழுதியிருக்கு. எங்கட ஒயிலுக்கு மேல விடலாமோ?

வெளிநாட்டுச் சைக்கிள் ஒயில்கள் பெரும்பாலும் ‘ட்ரை’, ‘வெற்’ என்று இரு வகைப்படும். முதலாவது காய்ந்தபின் மெழுகு அல்லது அதையொத்த படலத்தை விட்டுச் செல்வது. புழுதி ஒட்டாது, மழையில் கழுவுப்படும். இரண்டாவது ஈரமாகவே நிற்பது. மழையைத் தாங்கும், புழுதியைச் சேர்க்கும். உங்களிடம் இருப்பது வன்னிக் கோடைக்கு மிகப் பொருத்தமானது.

பழைய ஒயிலுக்கு மேல் விட்டால் ‘ட்ரை’ என்பதற்குப் பொருளே இல்லாமல் போகும். 9ஆம் விடையிலுள்ளபடி கழுவிக் காயவிட்டு, போத்தலை நன்றாகக் குலுக்கி, துளித்துளியாக விட்டு, சில மணித்தியாலங்கள் காயவிடுங்கள். விட்ட கையோடு ஓடினால் பாதி வீதியில் தெறித்துவிடும்.

14. மெழுகுதிரியை உருக்கிச் செயினைத் தோய்க்கலாம் எண்டு வீடியோவில பாத்தனான். உண்மையோ?

உண்மை. கழுவி முற்றாக எண்ணெய்ப்பசை நீக்கிய செயினை உருகிய பரஃபின் மெழுகில் தோய்த்தால், மெழுகு ஆணிவரை சென்று உறையும். புழுதி ஒட்டாது, கை கறுக்காது. நேரடி அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பேணியை வைத்து உருக்க வேண்டும். மெழுகின் ஆவி அளவுக்கு மீறிச் சூடேறினால் தீப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் செயினைக் கழற்றிப் பூட்ட வேண்டும், முதல் மழையோடு துருவும் தொடங்கும். பந்தயத்துக்குப் பழகும் ஒருவர் ஆனி, ஆடி மாதங்களில் செய்து பார்க்கலாம். கரியரில் நெல்மூட்டை ஏற்றும் சைக்கிளுக்கு இது வீண் வேலை.

15. நல்ல ஒயில்தான் விட்டிருக்கிறன், ஆனாலும் செயின் கழண்டு கழண்டு விழுது. இன்னும் தடிப்பான ஒயில் விட்டா இறுகுமோ?

இறுகாது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. முதலாம் விடையில் சொன்ன ஆணிகளும் புஷ்ஷுகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் இடைவெளிதான் அந்த நீளம். தேய்ந்த உலோகத்தை எந்த ஒயிலும் திருப்பித் தராது.

அளந்து பார்க்க ஓர் அடி மட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 24 கண்ணிகளை எண்ணினால், புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் வந்துவிட்டால் நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். கியர் சைக்கிளில் பதினாறில் ஒரு பங்கு கூடியதுமே மாற்றுவது நல்லது. காலம் கடத்தினால் பல்லுச் சக்கரமும் தேய்ந்து, புதுச் செயின் அதில் சரியாக உட்காராது.

அளவு சரியாக இருந்தும் கழன்றால் பின்சில்லு முன்னுக்கு நகர்ந்திருக்கும். கியர் இல்லாத சைக்கிளில் செயினின் நடுவை மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குல அளவு ஆட்டம் இருக்க வேண்டும். கூடினால் சில்லைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்குங்கள்.

16. பிரீவீலுக்கும் அதே ஒயிலோ? விடேக்க றிம்மில பட்டிட்டுது, இப்ப பிறேக்கும் பிடிக்குதில்லை.

பின்சில்லின் பல்லுச் சக்கரமான பிரீவீலுக்கு மெல்லியது மட்டும்: தையல் மெசின் ஒயில் அல்லது 10டபிள்யூ-30. சைக்கிளைச் செயின் பக்கம் மேலே வரும்படி கிடத்தி, சுழலும் பாகத்துக்கும் சுழலாத பாகத்துக்கும் இடையிலுள்ள வட்ட இடுக்கில் நாலைந்து துளிகள் விட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். தடிப்பான ஒயிலோ கிறீஸோ போனால் உள்ளிருக்கும் சிறு நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது பெடலை மிதித்தாலும் சில்லு சுற்றாது. கிளிக் கிளிக் என்ற சத்தம் திடீரென்று அடங்கிப்போவது அதற்கு முன்னறிவிப்பு.

றிம்மில் பட்ட ஒயிலை மண்ணெண்ணெயால் துடைத்தால் அதுவும் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரால் இரண்டு தடவை கழுவிக் காயவிடுங்கள். பிறேக் கட்டையின் பளபளத்த முகத்தை அரத்தாளால் தேய்த்து மங்க வையுங்கள். ஒயில் ஊறிப்போன கட்டையைத் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். பிறேக் பிடிக்கிறதா என்று முற்றத்தில் தள்ளிப் பார்த்த பிறகே பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுங்கள்.